அட்டை மாற்றிய கதை

சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்ட அன்று நல்ல மழை. "எதைப் பற்றி எழுதட்டும்?" என்று கேட்டேன். "எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது. ஆனால் உனக்குத் தெரிந்ததை எழுது" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அந்த இரண்டாவது நிபந்தனைதான் என்னைத் திகைக்க வைத்தது. மற்ற நண்பர்கள் குறளைப் பற்றி எழுதுவார்கள். சிலம்பைப் பற்றி எழுதுவார்கள். மனோன்மணீயம் சுந்தரனார் தத்துவம் கற்பித்த ஊர் இது. அவருடைய நாடகம் 1891-இல் வெளிவந்தது. இவ்வூரில் உட்கார்ந்து தமிழில் எழுத முற்படுகிறவனுக்குச் சிறிது கூச்சம் இருப்பது இயல்பே. இத்தகைய ஊரில் நான் எழுதப் போவதோ ஓர் அட்டையைப் பற்றி!

அட்டை என்றவுடன், மழைக்காலத்தில் பொன்முடிக்குப் போனவர்கள் தங்கள் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அந்த அட்டை அன்று. என் மடிக்கணினியின் வயிற்றுக்குள் இருக்கும் கம்பியில்லா அட்டையைச் சொல்கிறேன். அகலம் 22 மில்லிமீட்டர். நீளம் 30 மில்லிமீட்டர். ஓர் அஞ்சல் தலை அளவுதான். வைஃபை அலைகளை வாங்குவதும் விடுவதும் அதன் தொழில். புளூடூத்தும் அதற்குள்ளேயே அடக்கம். இந்தச் சிறு பொருளை மாற்றப் போய் நான் பட்ட பாட்டையும், கற்றுக்கொண்ட பாடத்தையும், கடைசியில் அடைந்த வெட்கத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது இதுதான்.

முதலில் அந்த மடிக்கணினி வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மலைக்கு அப்பால், தென்காசிப் பக்கம். காரியவட்டத்தில் படிக்க இடம் கிடைத்தபோது, "படிப்புக்கு நல்ல கணினி வேண்டும்" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நடந்துகொண்டிருந்த சீட்டைத் தள்ளி எடுத்து, 62,000 ரூபாயை என் கையில் கொடுத்தார். நான் வாங்கியது விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட மடிக்கணினி. விசைப்பலகையின் அடியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி ஒளிரும். ஓடத் தொடங்கினால் மாவு ஆலை போல் இரையும். படிப்புக்கு வேண்டும் என்று நான் சொன்னது பொய்யன்று. முழு மெய்யும் அன்று.

விளையாட்டின் பெயர் வேலரண்ட். பெயரில் வேலும் அரணும் இருப்பதைக் கண்டு தமிழ் விளையாட்டோ என்று மயங்க வேண்டாம். ஐவர் ஓர் அணி, எதிரே ஐவர். நாங்கள் ஐவரும் கழக்கூட்டத்தில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து மூலைகளில் அமர்ந்து இரவெல்லாம் போர் புரிவோம். போரில் முதலில் மடிபவன் பெரும்பாலும் நானே. காரணம் என் திறமைக் குறைவு அன்று என்று நான் உறுதியாக நம்பினேன். காரணம் என் வைஃபை.

விளையாட்டுக்கு வேண்டியது வேகம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. வேகம் வேறு, தாமதம் வேறு. ஒரு நொடியில் எத்தனை செய்தி வந்து சேர்கிறது என்பது வேகம். ஒரு செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பது தாமதம். அகலமான சாலையாக இருந்தாலும் ஊர் தொலைவில் இருந்தால் போய்வர நேரமாகத்தானே செய்யும்! எங்கள் விளையாட்டை நடத்தும் கணினி மும்பையில் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் செல்லும். கணக்குப் போட்டால், போய்வர 12 அல்லது 13 மில்லி நொடியாவது ஆகியே தீரும். வழியில் வளைவும் இடைநிலையங்களும் உண்டாகையால் நண்பர்களுக்கு 40 காட்டும். எனக்கும் 40 காட்டும். திடீரென்று 400 காட்டும். பிறகு ஒன்றுமே காட்டாது. வைஃபை அடையாளமே திரையிலிருந்து மறைந்துவிடும். கணினியை முழுவதும் அணைத்து மீண்டும் எழுப்பினால்தான் திரும்பி வரும். அதற்குள் என் வீரன் மாண்டு, நண்பர்கள் என்னை வாழ்த்திக்கொண்டிருப்பார்கள்.

இதனால் எனக்கு ஒரு நன்மையும் இருந்தது. அதைச் சொல்லத்தான் கை கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு ஊரிலிருந்து தாத்தா கூப்பிடுவார். அவருக்கு வயது 84. ஆச்சி போன பிறகு பேச்சுத் துணை குறைந்துவிட்டது. அம்மாவின் கைப்பேசியை வாங்கி, கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொள்வார். என் மடிக்கணினித் திரையில் அவருடைய நெற்றியும் திருநீறும் மட்டும் தெரியும். மழை பெய்ததா, குளம் பெருகியதா, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். எட்டரை மணிக்கு எங்கள் போர் தொடங்கும். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அந்நேரம் வைஃபை தானாக அறுந்து போனால், "நெட் சரியில்ல தாத்தா, பொறவு கூப்பிடுதேன்" என்பேன். தானாக அறுந்து போகாத நாளிலும் அதையே சொன்னேன். "சரிடே, வச்சிரு. சாப்பிட்டியா?" என்பார் அவர். பிறகு நான் கூப்பிட்டதில்லை.

இப்படியாக, ஒரே அட்டை என் தோல்விக்கும் காரணமாயிற்று; என் சாக்குக்கும் துணையாயிற்று. ஆயினும் தோல்வியே பெரிதாகத் தோன்றியதால் அட்டையை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

அட்டைகளைப் பற்றிப் படித்தேன். இன்டெல் நிறுவனத்தின் ஏஎக்ஸ்210 என்று ஓர் அட்டை. ஏஎக்ஸ்211 என்று இன்னோர் அட்டை. இரண்டும் அளவில் ஒன்று. விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. 210-ஐவிட 211 பெரியதன்றோ? ஒன்று கூடுதலாகக் கிடைக்கும்போது ஒன்று குறைந்ததை வாங்குவானேன்? 1,850 ரூபாய்க்கு 211-ஐ வரவழைத்தேன். எண்ணும் எழுத்தும் கண் என்று பள்ளியில் படித்தவன்தான். எண்ணைக் கண்டவுடன் எழுத்தைப் படிக்காமல் விட்டுவிட்டேன்.

அட்டை வந்தது. அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு, மடிக்கணினியைக் கவிழ்த்து மேசை மேல் வைத்தேன். பதினொரு திருகாணிகள். கை நடுங்கியது. அப்பாவின் சீட்டுப் பணம் கண்முன் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் தும்பாக் கடற்கரை இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்துதான் எழுந்தது. மகதலேனா மரியாள் தேவாலயம் அவர்களுக்குப் பணிமனையாக இருந்தது. ராக்கெட்டின் பகுதியை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் புகைப்படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் தேவாலயத்தில் அமர்ந்து ராக்கெட்டைப் பூட்டினார்கள்; நான் பதினொரு திருகாணிக்கு அஞ்சுகிறேனே என்று என்னை நானே கடிந்துகொண்டேன்.

ஒரு வெள்ளைத் தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய திருகாணியை அந்தந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நீளத் திருகாணி ஓரிடம், குட்டைத் திருகாணி ஓரிடம் என்று இருக்கும். மாற்றிப் பூட்டினால் பலகையைத் துளைத்துவிடும். காலாவதியான பண அட்டை ஒன்றை ஓரத்தில் செருகி மெல்ல நெம்பினேன். மூடி திறந்தது. முதல் வேலையாக மின்கலத்தின் இணைப்பைப் பிரித்தேன். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போகட்டும் என்று சன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டேன். விசிறிகளுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு சிறு திருகாணியின் காவலில், அட்டை படுத்திருந்தது. அதன் தலையில் கறுப்பு ஒன்றும் சாம்பல் நிறத்தில் ஒன்றுமாக இரண்டு மெல்லிய கம்பிகள். அவைதாம் ஏரியல் கம்பிகள். மூடியின் கீல் வழியாக ஏறித் திரையின் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும் ஏரியல்களுக்குப் போகின்றன.

சாம்பல் கம்பியை எடுக்க நகம் வலித்தது. கறுப்புக் கம்பியோ தொட்டவுடன் கையோடு வந்துவிட்டது. 'நல்லதாகப் போயிற்று' என்று மகிழ்ந்தேன். நண்பர்களே, இந்த இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயின் வேரைக் கையில் பிடித்துக்கொண்டு, நோயாளி நலம் என்று மகிழ்ந்த வைத்தியன் நான்.

புதிய அட்டையைச் சாய்வாகச் செருகி, அழுத்தி, திருகாணி பூட்டி, கம்பிகளை மேலே வைத்து அமுக்கி, மூடியை மூடிக் கணினியை எழுப்பினேன். விளக்குகள் ஒளிர்ந்தன, விசிறி இரைந்தது, வைஃபை மட்டும் இல்லை. அப்படி ஓர் அட்டை உள்ளே இருப்பதாகவே கணினி ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு முறை கழற்றிப் பூட்டினேன். நள்ளிரவு கடந்தது. கடைசியில் பழைய அட்டையையே திரும்பப் பூட்டினேன். இப்போது அதுவும் முன்னைவிட மோசமாக வேலை செய்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த கடைத்தெரு அது. அங்கே போனால் நம் ஊருக்கே வந்துவிட்டது போலிருக்கும். வெற்றிலைக் கடையிலும் பாத்திரக் கடையிலும் தமிழ் கேட்கும். அங்கே ஒரு சந்தில், ஏணி போன்ற படியேறிப் போனால், கணினி பழுது பார்க்கும் சிறிய கடை ஒன்று. கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

என் கதையைக் கேட்டார். புதிய அட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கணினியின் முகப்பில் ஒட்டியிருந்த சின்னத்தைப் பார்த்தார்.

"தம்பி, உங்க மிஷின் ஏஎம்டிலா? இது அதுக்கு ஆகாது."

"ஏன் அண்ணாச்சி? சரியாகப் பொருந்துகிறதே?"

"செருப்பு காலுக்குச் சேருதுன்னு அடுத்தவன் செருப்பப் போட்டுட்டு வந்திர முடியுமா?"

பிறகு அவர் விளக்கினார். 210 முழு அட்டை. அலையை வாங்குவதும், வாங்கியதைப் பிரித்துப் பொருளாக்குவதும் எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். எனவே இன்டெல் செயலி உள்ள கணினியிலும் பூட்டலாம், ஏஎம்டி செயலி உள்ள கணினியிலும் பூட்டலாம். 211 அப்படியன்று. அதில் இருப்பது செவி மட்டுமே. கேட்டதைப் பொருளாக்கும் மூளையை இன்டெல் தன் செயலியின் பக்கத்தில் வைத்துவிட்டது. அந்த மூளை இல்லாத கணினியில் அதைச் செருகினால் ஊமையாகக் கிடக்கும். சில பழைய கணினிகளில் இன்னொரு தொல்லையும் உண்டாம். தாம் ஏற்கும் அட்டைகளின் பட்டியல் ஒன்று அவற்றின் நினைவில் இருக்கும். பட்டியலில் இல்லாத அட்டையைப் பூட்டினால் கணினி எழுந்திருக்கவே மறுத்துவிடும். ஆகவே வாங்குவதற்கு முன் அளவு, செயலி, பட்டியல் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்றார். நான் பார்த்தது எண்ணை மட்டும்.

"சரி, 210 இருந்தால் பூட்டிவிடுங்கள்" என்றேன்.

"பொறுங்க. பழசு என்ன பாவம் செஞ்சுதுன்னு முதல்ல பாப்போம்" என்று சொல்லி மூடியைத் திறந்தார். என் பழைய அட்டையையும் அதன் தலையில் இருந்த இரண்டு கம்பிகளையும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மெல்லிய மூங்கில் குச்சியால் கறுப்புக் கம்பியைத் தொட்டார். அது நகர்ந்து விலகியது.

"இத இதுக்கு முன்னாடி யாராவது தொறந்தீங்களா?"

ஓராண்டுக்கு முன் நினைவகம் கூட்டுவதற்காக நானும் அறை நண்பனும் திறந்திருந்தோம். இடம் போதாமல் அந்தக் கம்பியை ஒதுக்கிவிட்டு வேலை செய்தது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்த ஓராண்டு முழுவதும் கணினியைச் செய்தவர்களை நான் வாய் ஓயாமல் திட்டியிருந்தேன்.

அண்ணாச்சி, திரையில் அலையின் வலிமையைக் காட்டும் எண்ணைப் பார்க்கச் சொன்னார். மைனஸ் 79. பிறகு கம்பியின் நுனியை அட்டையின் முளைக்கு நேராக வைத்து, குச்சியால் மேலிருந்து அழுத்தினார். 'டக்' என்று ஒரு சிறு ஓசை. அவ்வளவுதான். எண் மைனஸ் 53 ஆயிற்று. கடைக்குள் எதுவும் மாறவில்லை. அட்டையும் அதே அட்டை. இந்தக் கணக்கில் 10 கூடினால் வலிமை பத்து மடங்கு. 26 கூடினால் ஏறக்குறைய 400 மடங்கு. ஓர் 'டக்'கில் 400 மடங்கு!

அந்த ஓசையைக் கேட்டதும் எனக்குத் தாத்தாவின் நினைவு வந்தது.

தாத்தாவிடம் ஒரு வால்வு ரேடியோ இருந்ததாம். இரண்டு தென்னை மரங்களுக்கு இடையே செப்புக் கம்பியை இழுத்துக் கட்டி, இரண்டு முனையிலும் பீங்கான் குமிழ் வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியைச் சன்னல் வழியாக ரேடியோவுக்கு இறக்கியிருந்தார். தெருவில் வேறு சிலரிடமும் ரேடியோ இருந்தது. ஆனால் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்பது தாத்தா வீட்டில்தான். காரணம் கேட்டால், "பெட்டி பெருசா இருந்து என்னலே செய்ய? ஏரியல் ஒழுங்கா இருக்கணும்லா" என்பாராம். என் சிறுவயதில் இதை நூறு முறையாவது சொல்லியிருப்பார். நான் கேட்டதில்லை. கேட்பதற்கு வேண்டிய ஏரியல் எனக்கு அப்போது இல்லை போலும்!

தாத்தாவின் ரேடியோவுக்கும் என் அட்டைக்கும் அடிப்படை ஒன்றே. அவருடைய ரேடியோ வாங்கிய சிற்றலைகள் பத்து மீட்டர் முதல் நூறு மீட்டர் வரை நீளமுள்ளவை. அதனால் தென்னைக்குத் தென்னை கம்பி கட்ட வேண்டியிருந்தது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலை 6 சென்டிமீட்டர். அதனால்தான் ஏரியல் திரையின் விளிம்புக்குள் அடங்கிவிடுகிறது. இதைவிடச் சிறிய, மில்லிமீட்டர் அளவு அலைகளை உண்டாக்கி, ஜகதீச சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில் மக்கள் முன்னிலையில் காட்டினார். கம்பி எதுவுமின்றித் தொலைவில் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. கட்டணமில்லாத இணைப்பு கிடைக்கவில்லை என்று தேநீர்க் கடையில் நாம் சலித்துக்கொள்ளும்போது அந்த 1895-ஐ ஒரு நொடி எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தாத்தா தம் ரேடியோவுக்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமம் புதுப்பித்தார். கேட்பதற்கே உரிமம் வேண்டிய காலம் அது. அந்த வழக்கம் 1980-களில் நீங்கியது. நாமோ கேட்கவும் செய்கிறோம். அலைகளை அனுப்பவும் செய்கிறோம். யாரிடமும் உரிமம் வாங்குவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் நடுவண் அரசு அறிவித்ததே காரணம். 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் மேலும் விரிவாகத் திறந்துவிடப்பட்டது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதிக்கான வரைவு விதிகள் 2025 மே மாதம் வெளிவந்தன. என் 210 அட்டைக்கு அந்த அலைவரிசையும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டு ரௌட்டருக்குத் தெரியாது!

கதைக்கு வருகிறேன். கம்பி சரியானவுடன், "அப்படியானால் புதிய அட்டையே வேண்டாமா?" என்று கேட்டேன். அண்ணாச்சி அவசரப்படவில்லை. "ஒரு மணி நேரம் ஓடட்டும். போய்ச் சாயா குடிச்சிட்டு வாங்க" என்றார். திரும்பி வந்தபோது, அந்த ஒரு மணி நேரத்தில் அட்டை இரண்டு முறை திரையிலிருந்து மறைந்து போனதாகக் காட்டினார். ஆகக் குற்றம் கம்பியில் மட்டும் இல்லை, அட்டையிலும் இருந்தது.

"ஏரியல் பாதி, அட்டை பாதி. மாத்துங்க, தப்பில்ல. ஆனா மொத்தப் பழியையும் அட்டை மேல போட்டுராதீங்க" என்றார்.

என் 211-ஐ அவரே வைத்துக்கொண்டார்; இன்டெல் கணினிக்காரர் யாராவது வருவார்களாம். மேலே 300 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு 210-ஐப் பூட்டினார். அப்போதும் ஒரு வேடிக்கை. புதிய அட்டையை இயக்கும் மென்பொருளை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையம் வேண்டுமானால் அந்த அட்டை இயங்க வேண்டும்! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே என் கைப்பேசியைக் கம்பி வழியாகக் கணினியுடன் இணைத்து, அதன் இணையத்தைக்கொண்டு மென்பொருளை இறக்கினார். அட்டை மாற்ற எண்ணுபவர்கள் அதை முன்கூட்டியே இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்து சோதித்தேன். அட்டையின் பெட்டியில் நொடிக்கு 2,400 மெகாபிட் என்று போட்டிருந்தது. எனக்குக் கிடைத்தது 94. ஏமாற்றமாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டு இணைப்பே 100 மெகாபிட்தான். வாய்க்காலில் வருகிற தண்ணீர்தானே வயலுக்கு வரும்? மடை பெரிதாக இருந்து என்ன? தாமதமோ 40-இல் நின்றது, 400-க்குத் தாவவில்லை. என் மூலையில் மட்டும் அலை சிறிது மெலிந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவரைக் கண்டால் ஆகாது. வீட்டுக்காரர் ரௌட்டரைக் குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் தரையில் வைத்திருந்தார். அவரிடம் கேட்டு, அதை எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தேன். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

அன்றிரவு ஐவரும் போருக்குப் புறப்பட்டோம். வைஃபை ஒருமுறைகூட அறுந்து போகவில்லை. நான் வழக்கம்போல் முதலிலேயே மடிந்தேன். அடுத்த ஆட்டத்திலும் மடிந்தேன். மூன்றாவது ஆட்டத்தில் நண்பர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஓராண்டாக என்னைக் காத்து வந்த கவசம் கழன்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்குத் தாத்தா கூப்பிட்டார். வழக்கம்போல் நெற்றியும் திருநீறும்.

"தாத்தா, கைப்பேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. இப்ப நல்லாத் தெரியும்" என்றேன். தள்ளிப் பிடித்தார். முழு முகமும் தெரிந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. எப்போதிலிருந்து இப்படி ஆனார் என்று எனக்குத் தெரியவில்லை. வாரந்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அட்டை மாற்றிய கதையைச் சொன்னேன். 211-ஐ வாங்கி ஏமாந்ததைச் சொன்னபோது சிரித்தார். கறுப்புக் கம்பியைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் அப்பவே சொன்னேம்லா, ஏரியல்தான்னு."

"ஆமா தாத்தா."

"எத்தன வருசமாச் சொல்லுதேன்."

"ஆமா தாத்தா."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "அப்பம் இனிமே நெட் சரியில்லன்னு சொல்ல முடியாதுல்லா?" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவும் இல்லை. அவருக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டே வாரந்தோறும் "சரிடே, வச்சிரு" என்று சொல்லி வந்திருக்கிறார்.

"முடியாது தாத்தா" என்றேன்.

"சாப்பிட்டியா?" என்றார்.

எட்டரை மணிக்கு நண்பர்கள் கதவைத் தட்டினார்கள். ஒருவன் குறைவாகவே ஆடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த ரேடியோவைப் பற்றிக் கேட்டேன். தென்னையில் ஏறிக் கம்பி கட்டியது யார், பீங்கான் குமிழை எந்தக் கடையில் வாங்கினார், இடி இடிக்கும்போது என்ன செய்வார் என்றெல்லாம் கேட்டேன். ஒன்பதே முக்கால் வரை பேசினார். ஆச்சிக்கு எந்த நிகழ்ச்சி பிடிக்கும் என்பதையும் சொன்னார். அதுவரை அது எனக்குத் தெரியாது.

நண்பர்களே! உங்களில் யாரேனும் அட்டை மாற்ற விரும்பினால் மாற்றுங்கள். அரை மணி நேர வேலை, அஞ்ச வேண்டியதில்லை. செயலியைப் பார்த்து அட்டையை வாங்குங்கள். மின்கலத்தை முதலில் பிரியுங்கள். திருகாணிகளைத் தாளில் வரிசையாக வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டையைக் குறை சொல்வதற்கு முன் கறுப்புக் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். 'டக்' என்று ஓசை கேட்கும்வரை அழுத்துங்கள்.

இது முடிந்த பின்னரும் ஆட்டத்தில் தோற்றால், அந்தப் பழியைப் போடுவதற்கு வேறு இடம் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு என்னைத் தேடி வர வேண்டாம்.